சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்தவும்

பட்டறையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே உதட்டைப் பிதுக்குவான். கைராசி என்று கேட்டால் போதும், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடுவான். விமானத்துக்குள் இருக்கிற இருக்கைகளும், அவற்றின் முதுகில் மடங்கிக் கிடக்கும் சாப்பாட்டுப் பலகைகளும்தான் அவர் பொறுப்பு. ஒரு கூட்டம் இறங்கி மறு கூட்டம் ஏறுவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் உள்ளே புகுந்து, உடைந்தது எதுவோ அதைச் சரிபண்ணிவிட்டு வெளியே வர வேண்டும். அவர் கை வைத்த விமானம் தாமதமானது என்ற பேச்சே கிடையாது. அதனால் வந்த பெயர். அந்தப் பெயரை யாராவது வெளியாட்கள் முன்னால் சொன்னால் அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார், முகம் மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லும்.

அவருக்கு ஒரே மகள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். முன்பு இரண்டு தடவை தங்காமல் போய், வீடே பேச்சு மூச்சில்லாமல் கிடந்து, அதற்குப் பிறகு நின்ற கரு இது. பெற்றவர்களோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தவளை, புருஷன் வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அவளைப் பார்க்கிற டாக்டர் அங்கேதான் இருந்தார். ரயிலில் படுத்துக்கொண்டே போய்விடலாமே என்று மனைவி சொன்னாள். கைராசிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நம்ம பிளேன் இருக்கும்போது ரயிலில் எதற்கு இடிபட வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டார். டாக்டரும் இந்த வாரம் வரைக்கும் பறக்கலாம் என்று சொல்லியிருந்ததால் மனைவியின் வாய் அடைபட்டது.

ஊழியர்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டுக்கு ஒரு முறை உண்டு. இடம் மிச்சமிருந்தால் ஏறலாம், கொடுத்த இடத்தில் உட்கார வேண்டும், உட்கார்ந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. காசு கொடுத்து வந்த பயணியோடு தகராறு என்று ஒரு புகார் போனால் சலுகை போய்விடும். இதையெல்லாம் கைராசி வீட்டிலேயே இரண்டு பேருக்கும் பாடம் நடத்திவிட்டுத்தான் கிளம்பினார். அன்றைக்கு விமானத்தில் ஆங்காங்கே இடம் காலியாகவே இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் மனைவி, நடுவில் அவர், நடைபாதை ஓரம் மகள்.

மகளின் கைப்பையை முன் சீட்டுக்கு அடியில் தள்ளுவதற்காகக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்துவிட்டார்.

மகளுக்கு நேர் முன்னால் இருந்த சீட்டின் அடியில், முதுகுப் பலகை சட்டத்தோடு சேருகிற இடத்தில், ஒரு கம்பி சுற்றியிருந்தது. இரட்டை இழையாக முறுக்கிய மெல்லிய கம்பி. மற்றவர்கள் முறுக்கினால் முறுக்கு வலப்பக்கமாகப் போகும். கைராசி இடது கைக்காரர், அவர் முறுக்கு இடப்பக்கமாகப் போகும். இந்த முறுக்கு இடப்பக்கமாகத்தான் போயிருந்தது.

நினைவு வந்துவிட்டது. மழை கொட்டிய ஒரு காலை. சீட்டைச் சாய்த்து நிறுத்துகிற பூட்டு உடைந்திருந்தது. அளவுக்கு மேல் பின்னால் போகாமல் தடுக்கிற முட்டும் விரிந்து கிடந்தது. மாற்றுப் பூட்டு கிடங்கில் இல்லை. முறைப்படி செய்வதானால் அந்தச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று குறுக்கே பட்டையைக் கட்டிவிட்டு, மேலே சொல்லிவிட்டு வர வேண்டும். அன்றைக்கு விமானம் முழுக்க ஆள். ஒரு சீட்டைக் குறைத்தால் ஒரு பயணியை இறக்க வேண்டும், இறக்கினால் ரகளை, ரகளை நடந்தால் தாமதம். மேலதிகாரி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைராசி கம்பியை எடுத்தார், முறுக்கினார், முதுகுப் பலகையை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார், இறங்கிவிட்டார். அடுத்த தடவை இந்த விமானம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த தடவை வந்தபோது வேறு ஏதோ உடைந்திருந்தது.

இப்போது அந்தச் சீட்டின் முதுகுக்கும் மகளின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாப்பாட்டுப் பலகை வரப்போகிறது. முன்னால் கனமான ஆள் ஒருவர் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து, கம்பி விட்டுப் போனால், பலகையின் விளிம்பு நேராகப் போய் எங்கே இடிக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மகளை இடம் மாறச் சொன்னார். நான் அடிக்கடி எழுந்து போக வேண்டியவள் என்று அவள் சிணுங்கினாள். நீ எத்தனை தடவை எழுந்தாலும் அத்தனை தடவை நானும் எழுகிறேன் என்றார். ஏன் என்று மனைவி கேட்டாள். தள்ளுவண்டி போகும்போது இடிக்கும் என்றார். அந்தக் காரணம் நன்றாகவே இருந்தது. மகள் நடு சீட்டுக்கு நகர்ந்தாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்ததில் கைராசிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

முன் வரிசைக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்தார். பனை உயரத்துக்கு ஒரு நெட்டை மனிதர். ஜன்னல் சீட்டும் நடு சீட்டும் காலியாக இருந்தும், டிக்கெட்டில் என்ன போட்டிருந்ததோ அதில்தான் உட்காருவேன் என்கிற ஜாதி. ஓர சீட்டில், கம்பி கட்டிய சீட்டில், காலை மடக்கி உட்கார்ந்தார். விமானம் மேலே ஏறி நிலைக்கு வந்த பிறகு கழுத்தைத் திருப்பி, சாப்பாடு வருகிற வரைக்கும் சீட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளட்டுமா, உங்களுக்குத் தொந்தரவு இல்லையே என்று கேட்டார். இந்தக் காலத்தில் இப்படிக் கேட்டுச் சாய்க்கிறவர்களைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

கைராசி வேண்டாம் என்றார். முகத்தில் அடித்த மாதிரி அந்த ஒரு சொல்தான் வந்தது.

நெட்டையர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பொத்தானைத் தொடவில்லை. மனைவி கைராசியின் பக்கம் குனிந்து, மனுஷன் மரியாதையாகக் கேட்கிறார், உங்களுக்கு என்ன வந்தது என்று பல்லைக் கடித்தாள். அவர் முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சாய்ந்துகொண்டிருந்தது. யாரும் சாய்க்காமல், தானாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னால் அறிவிப்பு வந்தது. பின்னால் இருப்பவர் சாப்பிட வசதியாக எல்லோரும் சீட்டை நிமிர்த்திக்கொள்ளுங்கள் என்று இனிமையான குரலில் ஒரு பெண் சொன்னாள். முன்னும் பின்னும் சீட்டுகள் டப் டப்பென்று நிமிர்ந்தன. நெட்டையரின் சீட்டு மட்டும் அப்படியே கிடந்தது. கைராசியின் பலகையில் வைத்த தட்டு அவர் நெஞ்சுக்கும் சீட்டு முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கோழித் துண்டை எடுப்பதற்கு முழங்கையைத் தூக்கக் கூட இடமில்லை.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், வாத்தியாரம்மா மாதிரி கண்ணாடி போட்ட ஒரு பெண் இதைக் கவனித்துவிட்டாள். ஊரில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதல் ஆளாகப் பொங்குகிறவர்கள் சிலர் உண்டு, பொங்கிய பிறகுதான் அநியாயம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். சாப்பிடும்போது கூடவா இப்படிச் சாய்ந்துகொண்டு கிடப்பார்கள், வளர்ப்பு அப்படி என்று அவள் பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். காற்று அதை நாலு வரிசைக்கு எடுத்துக்கொண்டு போயிற்று. ஒருவர் உச்சுக் கொட்டினார். இன்னொருவர் பணிப்பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.

பணிப்பெண்களில் மூத்தவள் வந்தாள். நரையை மறைக்காத தலை, குரலை உயர்த்தாத பேச்சு. நெட்டையரிடம் சீட்டை நிமிர்த்தச் சொன்னாள்.

"நான் பட்டனத் தொடவே இல்ல மேடம். தானா சாயுது. நிமித்தறேன், பாருங்க, மறுபடியும் போகுது."

அவள் தன் கையாலேயே சீட்டைப் பிடித்து நிமிர்த்தினாள். நின்றது. அவள் கையை எடுத்ததும் நெட்டையர் முதுகின் கனத்தில் மெல்ல மெல்ல மறுபடி வந்து கைராசியின் தட்டை முட்டியது. அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கைராசியிடம் குனிந்து, இந்தச் சீட்டில் ஏதாவது கோளாறு மாதிரித் தெரிகிறதா, நீங்கள் நம் ஆள்தானே, உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஆமாம், பூட்டுப் போய்விட்டது, அவரை வேறு இடத்தில் உட்கார வையுங்கள் என்று நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தையோடு விஷயம் நின்றிருக்காது. இறங்கியதும் சீட்டைக் கழற்றுவார்கள், கம்பியைப் பார்ப்பார்கள், இடப்பக்க முறுக்கைப் பார்ப்பார்கள். பட்டறையில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான். வேலை போகும். வேலை போவதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். தன் கையால் ஒப்பேற்றிய சீட்டுக்குப் பின்னால் கர்ப்பிணி மகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தவன் என்பதை மனைவி கேட்டுக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை.

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். சாப்பாட்டு நேரத்துல சீட்ட நிமித்தி வைக்கறது ஒரு மரியாதை. அவ்வளவுதான் நான் கேக்கறேன்."

கண்ணாடிக்காரி சரியாகச் சொன்னீர்கள் என்று தலையாட்டினாள். நெட்டையரின் காது சிவந்துவிட்டது. மூத்தவள் சண்டை வளர வேண்டாம் என்று, பின்னால் காலை நீட்ட இடமுள்ள சீட்டு ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று அவரை அழைத்தாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நாலு வரிசை ஆட்கள் அவரைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். கைராசியைத் தாண்டும்போது நின்று, விரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டை அவர் பலகை மேல் வைத்தார்.

"குஷனுக்கு அடியில இருந்து குத்துச்சு. நான் பொய் சொல்லல சார்."

சொல்லிவிட்டுப் பின்னால் போனார். கைராசி அந்தத் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இரண்டு இழையில் ஒரு இழை அறுந்திருக்கிறது. மிச்சம் ஒன்று.

ஆனால் சீட்டு காலி. இதை நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. காலிச் சீட்டு யாரை என்ன செய்யும்? இறங்குகிற வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கட்டும், ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இந்த விமானத்தைத் தேடிப் பிடித்துப் பூட்டை மாற்றிவிட வேண்டியது. நெட்டையரைப் பற்றி ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அதை ஒரு வாய் ரொட்டியோடு சேர்த்து முழுங்கினார். பிறகு கோழியையும் சாப்பிட்டார், வெண்ணெயையும் விடவில்லை. வெட்கம் கெட்ட வயிறு அது, பயம் விலகிய அடுத்த நிமிஷம் பசிக்கும்.

நல்லவர்களால் வருகிற கெடுதலுக்கு மட்டும் மருந்து கிடையாது. மூத்தவள் திரும்பி வந்தாள். டீ ஊற்றிக்கொண்டே, நடு சீட்டில் நெளிந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தாள், அவள் வீங்கிய பாதங்களைப் பார்த்தாள். முன் வரிசை மூன்று சீட்டும் இப்போது காலிதானே, அங்கே போய் நன்றாகச் சாய்ந்துகொள் அம்மா என்றாள். மகள் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா எழுந்து வழி விடுவதற்குள் அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஜன்னல் பக்கம் உட்காரும்மா. வெளியில பாத்துக்கிட்டே போகலாம்," என்றார் கைராசி. குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நாலு விரல் சாய்ந்து நின்றுவிட்டது. நடு சீட்டுக்கு வந்தாள், அதுவும் அப்படித்தான். ஓர சீட்டுக்கு நகர்ந்து முதுகைக் கொடுத்ததும் அது அவளை ஏந்திக்கொண்டு தாராளமாகப் பின்னால் வந்தது. ஆஹா, மூணுல இதுதான் நல்லா சாயுது என்று சொல்லிக் காலைத் தூக்கி நடு சீட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். பெல்ட்டை எடுத்து வயிற்றுக்குக் கீழே மாட்டிக்கொண்டாள்.

கைராசியின் பலகையில் தட்டு இன்னும் எடுக்கப்படவில்லை. டீக் கோப்பை விளிம்பில் தத்தளித்தது. அவர் கோப்பையைத் தூக்கி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு முழங்காலையும் உயர்த்தி, பலகைக்கு அடியில் சீட்டு முதுகில் முட்டுக் கொடுத்தார். கைகளைப் பலகைக்கு மேலாக நீட்டி முன் சீட்டின் தோளைப் பிடித்தார். மகளின் கனமும் அவளுக்குள் இருந்ததன் கனமும் அவர் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

சாப்பாட்டு நேரம் இன்னும் முடியலையேம்மா, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். அந்த ஆளுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்கிறீர்களா என்று மகள் சிரித்தாள். கண்ணாடிக்காரி கைராசியை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரான் சாய்ந்தால் மரியாதைக் குறைவு, சொந்த மகள் சாய்ந்தால் பாசமோ என்று அந்தப் பார்வை கேட்டது. மனைவி அதை வாய்விட்டே கேட்டாள். அவர் ஒப்புக்குச் சிரித்துவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மகள் தலையை மட்டும் திருப்பினாள்.

"முழங்கால எடுங்கப்பா, முதுகுல இடிக்குது. உள்ள இருந்து ஒண்ணு உதைக்கிறது பத்தாதா, பின்னாடி நீங்க வேறயா?"

முழங்காலை ஒரு துளி தளர்த்தினார். சீட்டு ஒரு துளி வந்தது. அடியில் நறநறவென்று ஒரு சத்தம், பல்லுக்குள் மணல் மாட்டின மாதிரி. அவருக்கு மட்டும் கேட்கிற சத்தம். முழங்காலைத் திரும்ப முட்டுக் கொடுத்தார். மகள் சலித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள். தூங்கியதும் உடம்பு இன்னும் கனத்தது.

இப்படியே பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். எத்தனையோ பேர் எதை எதையோ தாங்கிக்கொண்டு ஆயுசையே ஓட்டவில்லையா, நாம் ஒரு பிரயாணம் ஓட்ட மாட்டோமா? இறங்குவதற்கு முன்னால் எல்லோரையும் நிமிரச் சொல்வார்கள், அப்போது அவளை நைஸாக இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்ளலாம். தொடை நடுங்க ஆரம்பித்தது. முதுகில் வேர்வை ஊற்றியது. மனைவி டீக் கோப்பையைப் பிடித்தபடி அவர் நெற்றியைப் பார்த்து, நெஞ்சு வலியா என்று பயந்துபோய்க் கேட்டாள். வாயுத் தொந்தரவு என்றார். அவள் நம்பவில்லை, ஆனால் எதை நம்பக் கூடாது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு விமானம் ஒரு தரம் குலுங்கியது.

பெரிய குலுக்கல் இல்லை. தட்டில் கரண்டி நகர்ந்தது, அவ்வளவுதான். விமானி பேசினார். முன்னால் வானிலை மோசமாக இருக்கிறது, சுற்றிப் போக வழியில்லை, பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள், பணியாளர்களும் சீக்கிரம் உட்கார வேண்டும் என்றார். விமானிகளுக்கென்றே ஒரு சாவகாசமான குரல் உண்டு. அந்தக் குரலில் சாவகாசம் கொஞ்சம் குறைவாக இருந்ததைக் கைராசி கவனித்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிப் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது.

மூத்தவள் வேகமாக வந்து தட்டுகளை அள்ளினாள். கைராசியின் பலகையை மடக்கச் சொன்னாள். முழங்காலை இறக்கி நேராக உட்காரச் சொன்னாள். தூங்குகிறவளின் தோளைத் தட்டி, சீட்டை நிமிர்த்தம்மா, ஆட்டம் பலமாக இருக்கும் என்றாள்.

அவர் பலகையை மடக்கினார், முழங்காலை எடுக்கவில்லை. எடுத்தால் கம்பி ஒன்றுதான். ஆட்டத்தில் அது விட்டுப் போனால் சீட்டு பின்னால் விழும், மகள் அதோடு மல்லாக்கப் போவாள், காலடியில் எதுவும் இல்லாமல் உடம்பு கீழே சரியும், சரிகிற உடம்பைப் பெல்ட் வயிற்றில்தான் பிடிக்கும். மூன்றாவது தடவையும் போய்விட்டால் இந்தப் பெண் எழுந்திருக்க மாட்டாள். இது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். முதல் இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி நடையில் நின்று அவள் முகத்தைப் பார்த்தவர் அவர்.

மகள் அரைத் தூக்கத்தில் பொத்தானை அழுத்தி முன்னால் எக்கினாள். சீட்டு நிமிரவில்லை. முதுகைத் திரும்பச் சாய்த்ததும் உள்ளங்கை அகலம் சட்டென்று இறங்கிக் கைராசியின் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நின்றது. அவள் ஐயோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள எழுப்பிடுங்க மேடம். அந்த சீட்டு உடைஞ்சது. பூட்டு இல்ல, கம்பிதான் பிடிச்சிட்டிருக்கு."

"இப்பதான கோளாறு ஒண்ணும் இல்லன்னீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கட்டினேன்."

மனைவியின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து ஆறிப்போன டீ அவள் மடியில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. மகள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் இன்னும் நம்பாமல், அவர் அடுத்து ஏதாவது சொல்லி இதைச் சரிசெய்வார் என்று காத்திருக்கிறவளைப் போலப் பார்த்தாள்.

மூத்தவள் கோபப்படுவதற்கு நேரம் செலவழிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, மகளின் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பி நிறுத்தினாள். கைராசி முழங்காலை எடுத்தார். சீட்டு ஒரு முனகலோடு பின்னால் விழுந்து அவர் மடியில் கிடந்தது. விமானம் இடப்பக்கமாகச் சரிந்து திரும்ப நிமிர்ந்தது. தலைக்கு மேல் அலமாரிகள் கடகடத்தன.

பக்கத்து நடு சீட்டைக் காட்டி, இதில் உட்கார் அம்மா, சீக்கிரம் என்றாள் மூத்தவள்.

"அது வேண்டாம்," என்றார் கைராசி.

அதே சட்டத்தில் இருக்கிற சீட்டு என்பதால் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். இரண்டு வரிசை தள்ளி ஒரு காலிச் சீட்டைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. எதிர்ப் பக்கம் ஒன்றைக் காட்டினாள். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் அவள் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவர் பார்த்தார்.

"எத்தன சீட்டு?"

அவருக்குத் தெரியாது. மழை பெய்த ஒரு காலை மட்டுமா அது? வெயில் காய்ந்த காலைகளும் இருந்தன, மேலதிகாரி வாசலில் நிற்காத காலைகளும் இருந்தன. கம்பிச் சுருள் தீரத் தீர அவரே போய் வாங்கி வந்திருக்கிறார். எந்த விமானம், எந்த வரிசை என்று எதையும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. வைத்துக்கொண்டிருந்தால் அந்த வேலையைப் பார்த்திருக்க முடியாது.

"நேரமில்ல சார். நல்ல சீட்டு எதுன்னு நீங்களே சொல்லுங்க. அங்க உட்கார வைக்கறேன்."

கைராசி மடியில் கிடந்த சீட்டை விலக்கிக்கொண்டு நடைபாதையில் எழுந்து நின்றார். முன்னாலிருந்து கடைசி வரைக்கும் வரிசை வரிசையாகச் சீட்டுகள். எல்லாம் நிமிர்ந்து, ஒன்று போல, ஒரு குறையும் இல்லாமல் நின்றன. அவர் வேலை எப்போதும் பார்க்க அப்படித்தான் இருக்கும். பெல்ட்டை இறுக்கிய தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. கடைசி வரிசையில் நெட்டையரின் தலை மற்றவற்றுக்கு மேல் தெரிந்தது. தன் இடத்தையே கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் தான் உட்கார்ந்திருந்த சீட்டின் அடியில் அவர் இன்னும் குனிந்து பார்க்கவே இல்லை. மனைவி உட்கார்ந்திருக்கிற சீட்டின் அடியிலும் பார்க்கவில்லை.

தரை காலடியிலிருந்து நழுவியது. யாரோ அலறினார்கள். மகள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எங்கப்பா உட்காரட்டும்?" என்று கேட்டாள்.

அவர் ஒரு சீட்டைக் காட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.